நாலாவது கட்டம்

அல்போன்சா: எழுதாதளா. சொல்லிட்டேன், எழுதாத.

ஹில்டா: யம்மா, பேனாவ விடு.

அல்போன்சா: விட மாட்டேன்.

ஹில்டா: மை கொட்டிரும்மா. ஃபாரம் பாழாப் போச்சுன்னா இன்னொண்ணுக்கு மதுரைக்குத்தான் போணும். இங்கன கிடைக்காது.

அல்போன்சா: கொட்டட்டும். நல்லாக் கொட்டட்டும்.

ஹில்டா: மணி பத்தரை ஆச்சு. பதினோரு மணிக்கு புரொபசர் ஜீப்புல வாரார். பத்து வீட்டுல கைநாட்டு வாங்கிட்டேன். எங்க அம்மா வீட்டுல மட்டும் முடியலன்னு அவர் முன்னால போய் நிக்கவா?

அல்போன்சா: அதான் ஏற்கெனவே வந்து எழுதிட்டுப் போனியே. பேருக்குப் பின்னால எம்.ஏ. போடப் போறவ, அதே கேள்விய எத்தன வாட்டி கேப்ப?

ஹில்டா: அப்பம் என்ன கேட்டேன்? நினைவு இருக்கா?

அல்போன்சா: ஏன் இல்ல? சவேரியார் திருநாள் சமயம். இதே இடத்துலதான் உக்காந்த. பெத்த தாயப் பாத்து, "உங்க பேரு என்ன?"ன்னு கேட்ட.

ஹில்டா: அது வரிசைப்படி கேக்கணும்மா...

அல்போன்சா: "பிள்ளைக எத்தன?"ன்னு கேட்ட. ஒண்ணு, அதுவும் கோட்டின்னு சொன்னேன். அத எழுதுனியா?

ஹில்டா: விளையாடாத. "குடும்பத் தலைவர் என்ன தொழில்?"னு கேட்டேன். நீ என்ன சொன்ன?

அல்போன்சா: கடலுக்குப் போயிருக்காவன்னு சொன்னேன்.

ஹில்டா: நானும் "கடல் தொழில்"னு எழுதுனேன்.

அல்போன்சா: அப்புறமென்ன?

ஹில்டா: பதினொரு வீட்டுல அதையேதான் சொன்னாவ. பதினொண்ணுலயும் அதையேதான் எழுதுனேன். புயல்ல போய் பன்னெண்டு வருசமா வராதவரு, ஆறு வருசமா வராதவரு... எல்லாரும் என் சர்வேல தினம் காலைல வள்ளம் தள்ளிட்டு இருக்காவ.

அல்போன்சா: நம்ம தெருவுல அப்படித்தானளா சொல்லுவோம். உடம்பு கரைக்கு வராதவரைக்கும் செத்தாருன்னு யாரு வாயால சொல்லுவா? இங்கன பொறந்தவதானே நீ, உனக்குத் தெரியாதா?

ஹில்டா: தெரியும்.

அல்போன்சா: தெரிஞ்சுதான் எழுதுனியா?

ஹில்டா: சொன்னத சொன்னபடி எழுதணும்னு சொல்லிக் குடுத்தாவ. நானும் எழுதிட்டேன்.

அல்போன்சா: அப்பம் உன் மேல தப்பு இல்லேல்லா.

ஹில்டா: புரொபசர் விடலியே! நம்ம தெரு வள்ளம், தோணி அத்தனையும் எண்ணிப் பாத்துட்டார். எல்லாம் சேத்து நூத்தி நாப்பது ஆளுக்குத்தான் வேலை. என் டேபிள்ல நூத்தி அம்பத்தொண்ணு. "மிச்சம் பதினொரு பேரு நீந்தியா போறாங்க?"ன்னு கேட்டார். கிளாஸே சிரிச்சுச்சு.

அல்போன்சா: சிரிக்கட்டும். கரையில இருக்கவனுக்கு எல்லாம் சிரிப்புத்தான்.

ஹில்டா: நீ கத்தியக் கீழ வச்சிட்டுப் பேசு. மீன அறுக்கியா, என்ன அறுக்கியா?

அல்போன்சா: வெயில் ஏறுறதுக்குள்ள உப்புல போடணும். நீ பேசு, காது சும்மாதான் இருக்கு.

ஹில்டா: "நூத்திப் பன்னெண்டு வீட்டுல மூணே மூணு விதவையா? இப்படி ஒரு கடற்கரைய நான் பாத்ததே இல்ல"ன்னார். கட்டில்ல செத்தவங்க பொண்டாட்டி மூணு பேரத்தான் நான் எழுதியிருக்கேன். யாருக்கு எது வேணும்னு அந்த டேபிள வச்சுத்தான் திட்டம் போடுறோம். குழாய் எங்க, பால்வாடி எங்க, கருவாட்டுக் களம் யாருக்கு... தனியாக் குடும்பம் நடத்துற பொம்பளைகளுக்கு கரையோரமா சிமென்ட் களம்னு ஒரு பக்கம் இருக்கு. என் தீசிஸ்ல அந்தப் பக்கம் காலி. மூணு கிழவிக்கு எதுக்குக் களம்னு விட்டுட்டேன்.

அல்போன்சா: நான் மணல்லயே காயப் போட்டுக்கிடுதேன். எனக்குக் களம் வேண்டாம்.

ஹில்டா: உனக்கு வேண்டாம். மத்த பத்து பேருக்கு?

அல்போன்சா: அவுகதான் கைநாட்டு வச்சிட்டாவல்லா. குடுக்கச் சொல்லு.

ஹில்டா: பதினொண்ணும் சரியா இருந்தாத்தான் ஒத்துக்கிடுவாராம். "உன் தெருவ உன்னாலயே சரியா எழுத முடியலன்னா சனிக்கிழமை வைவாவுக்கு வராத"ன்னுட்டார். இன்னைக்கு வீடு வீடா அவரே ஏறிப் பாக்கப் போறார். இந்த வீட்டுக்கும் வருவார்.

அல்போன்சா: வந்தா ஒரு வாய் காப்பி குடுப்பேன்.

ஹில்டா: யம்மா! ரெண்டு வருசப் படிப்பு! நீ கருவாட்டுக் கூடையத் தூக்கிட்டு சாத்தான்குளம் வரைக்கும் நடந்தது எல்லாம் வீணாப் போணுமா?

அல்போன்சா: நான் நடந்தத நீ எனக்குச் சொல்லிக் காட்டாத.

ஹில்டா: சொல்லிக் காட்டல... கெஞ்சுதேன்.

அல்போன்சா: கெஞ்சுதவ மூஞ்சியா இது? வா, அந்த ஃபாரத்துல என்னதான் இருக்கு, காட்டு.

ஹில்டா: முப்பத்தேழாம் நம்பர் வீடு. குடும்பத் தலைவர் வளன் ரோச். இங்கன பாரு, "கணவரின் நிலை". கீழ கட்டம் கட்டமாப் போட்டிருக்கும். ஒண்ணுல மட்டும் டிக் போடணும்.

அல்போன்சா: எது எது?

ஹில்டா: முதல் கட்டம், கூட இருக்கார். ரெண்டாவது, இறந்துட்டார். மூணாவது, வெளியூர்ல வேலை பாத்துப் பணம் அனுப்புதார். அவ்வளவுதான். ரெண்டாவதுல போடுதேன், நீ கைநாட்டு வையி.

அல்போன்சா: நாலு கட்டம் இருக்கு.

ஹில்டா: என்னது?

அல்போன்சா: எனக்கு எழுத்துத்தான் தெரியாது. எண்ணத் தெரியும். நாலு கட்டம் இருக்கு.

ஹில்டா: அது... நமக்கு வேண்டாதது.

அல்போன்சா: வேண்டாததுன்னா என்ன?

ஹில்டா: பொண்டாட்டிய விட்டுட்டுப் போனவங்களுக்கு. நம்ம தெருவுல அப்படி யாரும் இல்லம்மா.

அல்போன்சா: ஆமா. யாரும் இல்ல.

ஹில்டா: அப்பம் ரெண்டாவதுதானே? போடுதேன்.

அல்போன்சா: போடாதன்னு சொல்லுதேன்லா! நீ ஏன் இப்படிப் பறக்குத? மத்த பத்து வீட்டுலயும் இப்படியா விரட்டுன?

ஹில்டா: இல்ல.

அல்போன்சா: பிலோமினா வீட்டுல ஒரு மணி நேரம் அவ கையப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தியாம். அழுதியாம். இங்கன வந்து பேனாவ ஓங்குத. உங்கப்பாவக் கொல்லுறதுக்கு உனக்கு ஏன்ளா இவ்வளவு அவசரம்?

ஹில்டா: என்னம்மா பேசுத!

அல்போன்சா: பின்ன? அப்பாவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடல நீ. அன்னைக்கும் விடல, இன்னைக்கும் விடல.

ஹில்டா: பன்னெண்டு வருசம் ஆச்சும்மா. அறுபத்திநாலாம் வருசத்துப் புயல். கொழும்புல இருந்து சரக்கு ஏத்திட்டு வந்த தோணி. ஒரு பலக கூட ஒதுங்கல. இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?

அல்போன்சா: கொழும்புல இருந்து கடுதாசி வந்துச்சுல்லா. தோணி போய் ரெண்டு மாசம் கழிச்சு.

ஹில்டா: வந்துச்சு... அதுக்கென்ன இப்பம்?

அல்போன்சா: நீதானே வாசிச்சுக் காட்டுன.

ஹில்டா: ஆமா.

அல்போன்சா: அதுல செத்துட்டாருன்னு இருந்துச்சா?

ஹில்டா: இல்ல.

அல்போன்சா: என்ன இருந்துச்சு?

ஹில்டா: அதான் தெரியுமே உனக்கு.

அல்போன்சா: சொல்லு. மறந்துட்டேன்.

ஹில்டா: சரக்குக் கடை முதலாளி எழுதியிருந்தார். உம்ம புருசன் வந்த தோணியக் காணல... தேடுதோம்... மாதாவ வேண்டிக்கிடுங்கன்னு.

அல்போன்சா: தேடுதோம்னுதானே இருந்துச்சு? தேடி முடிச்சிட்டோம்னு இல்லியே?

ஹில்டா: பன்னெண்டு வருசமாவா தேடுவாவ?

அல்போன்சா: அந்தக் கடுதாசி இப்பம் எங்க இருக்கு?

ஹில்டா: எரிச்சிட்டேன். அப்பமே குசினி அடுப்புல போட்டுட்டேன்.

அல்போன்சா: ஓ.

ஹில்டா: ஏன், என்ன இப்பம் அதக் கேக்குத?

அல்போன்சா: சும்மாதான். இருந்தா உன் புரொபசர்கிட்ட காட்டலாம்லா.

பிலோமினா: யக்கா! அல்போன்சாக்கா! உள்ளயா இருக்கீங்க?

ஹில்டா: வாங்க சித்தி. நீங்களாவது சொல்லுங்க இவளுக்கு.

பிலோமினா: என்ன, இன்னும் நடக்குதா? தெரு முழுக்கக் கேக்குது உங்க சத்தம். நான் வச்சிட்டேன்க்கா. இந்தா பாருங்க, பெருவிரல்ல மை கூட போகல.

அல்போன்சா: சந்தோசமா வச்சியா?

பிலோமினா: சந்தோசமா... எங்கன இருந்துக்கா வரும்? பிள்ள பேப்பர நீட்டுச்சு. எங்க வீட்டுக்காரரு இனிகோ பேருக்கு நேரா கைய வச்சேன். வச்ச உடனே நெஞ்சுக்குள்ள என்னமோ இறங்குன மாதிரி இருந்துச்சு. பன்னெண்டு வருசமா வாசல்ல சத்தம் கேட்டா எந்திரிச்சிட்டு இருந்தேன். இன்னைக்குப் பூனை ஓடுச்சு, எந்திரிக்கல.

ஹில்டா: கேட்டியாம்மா?

பிலோமினா: கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி வாங்காம கதவச் சாத்திட்டு இருப்போம்லாக்கா, நாம பதினொரு வீடும்? இந்த வருசம் நான் வாங்குவேன். குழி இல்லேன்னா என்ன, குருசடியில வச்சிட்டு வருவேன்.

அல்போன்சா: வையி. உன் புருசனுக்கு நீ வைக்க யாரு தடுப்பா?

பிலோமினா: நம்ம ரெண்டு பேரு புருசனுக்கும்னு சொல்லுங்க. ஒரே தோணியில போனவங்க. சாமியாரப் பாத்துட்டுத்தான் வாரேன். ஞாயித்துக்கிழமை இறந்தோர் பூசை. பதினொரு பேரையும் பீடத்துல வாசிக்கச் சொல்லிட்டேன்.

அல்போன்சா: பதினொண்ணா?

பிலோமினா: ஆமா. இனிகோவுக்கு அடுத்தாப்புல வளன் ரோச். சேத்தே வாசிக்கச் சொன்னேன்க்கா, சேந்தே போனவங்க.

அல்போன்சா: யாரக் கேட்டுளா பேரு குடுத்த?

பிலோமினா: யக்கா...?

அல்போன்சா: யாரக் கேட்டுக் குடுத்தன்னு கேக்குதேன்! என் வீட்டுப் பேர எழுத நீ யாரு?

ஹில்டா: யம்மா, சித்தி மேல ஏன் பாயுத?

பிலோமினா: விடுளா... நான் தப்பா நினைக்கல. எனக்கும் நேத்து இப்படித்தான் இருந்துச்சு. யக்கா, அழணும்னா அழுங்க. நாம சேந்து அழுததுதானே.

அல்போன்சா: சேந்து அழுதோம். ஆமா... நீ நல்லவதான்ளா. போ.

பிலோமினா: நான் கோயில் முக்குல நிக்கேன். ஜீப்பு வந்தா கூட்டியாரேன். யக்கா... இந்தப் பிள்ளைய எழுத விடுங்க. நம்ம தெருவுல எம்.ஏ.ன்னு யாரு இருக்கா? பத்து பேரும் அவளுக்காகத்தான் கைய நீட்டினோம்.

ஹில்டா: போய்ட்டு வாங்க சித்தி... ஏம்மா, சித்திய அப்படி விரட்டுன? அவ புருசனும்தானே போனாரு?

அல்போன்சா: அதான்ளா.

ஹில்டா: என்ன அதான்?

அல்போன்சா: இறந்தோர் பூசைன்னா விளையாட்டு இல்ல. செத்தவங்களுக்கு வைக்கிறது. செத்தவன் பேரோட... உசுரோட இருக்கவன் பேர வாசிச்சா பாவம்ளா. அந்த இனிகோவுக்கே பூசைப் பலன் சேராது.

ஹில்டா: உசுரோட இருக்கவரா? யாரு?

அல்போன்சா: ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

ஹில்டா: என்னப் பாத்துச் சொல்லும்மா. உன்கிட்ட யாராவது என்னமும் சொன்னாவளா?

அல்போன்சா: யாரு சொல்லப் போறா? உனக்கு யாராவது சொன்னாவளா?

ஹில்டா: எனக்கா? இல்லியே... எனக்கு யாரு சொல்லுவா?

அல்போன்சா: பின்ன ஏன் மூஞ்சி வெளுத்துப் போச்சு?

ஹில்டா: பசி. காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடல.

அல்போன்சா: குசினியில இடியாப்பம் இருக்கு.

ஹில்டா: வேண்டாம்.

அல்போன்சா: ஹில்டா... நான் கைநாட்டு வைக்கலன்னா நிசமாவே டிகிரி தர மாட்டாவளா?

ஹில்டா: தர மாட்டாவ.

அல்போன்சா: அடுத்த வருசம்?

ஹில்டா: ஸ்காலர்ஷிப் நின்னு போகும். அப்புறம் எங்க படிக்க?

அல்போன்சா: அந்தச் சிமென்ட் களமும் வராது.

ஹில்டா: எதுவும் வராது.

அல்போன்சா: கத்திய எடுத்து அங்கிட்டு வையி. கையக் கழுவிட்டு வாரேன்.

ஹில்டா: எதுக்கு?

அல்போன்சா: மீன் வாடையோட வச்சா உன் புரொபசர் மூக்கப் பொத்துவாருல்லா. எங்க அந்த மை டப்பா?

ஹில்டா: வைக்கப் போறியா?

அல்போன்சா: ரெண்டாவது கட்டந்தானே நீ கேட்ட? டிக் போடு. பாவம்னா எனக்கு வரட்டும். ஞாயித்துக்கிழமை பூசையில பின்னால போய் நிக்கேன், காதப் பொத்திக்கிடுதேன். உன் படிப்பு போகக் கூடாது.

ஹில்டா: யம்மா...

அல்போன்சா: போட்டியா? எங்கன வைக்கணும்? இங்கனயா?

ஹில்டா: இரு.

அல்போன்சா: என்ன இரு? விரல்ல மை காயுது. கைய விடு.

ஹில்டா: வைக்காத. வேண்டாம்.

அல்போன்சா: இவ்வளவு நேரம் வையி வையின்னு உசுர வாங்குன?

ஹில்டா: ரெண்டாவது இல்லம்மா. அப்பா... அந்தக் கடுதாசி முதலாளி எழுதுனது இல்ல. அப்பா கையெழுத்து. பொய்யா வாசிச்சேன்மா. நீ அடுப்பு முன்னால உக்காந்து என் வாயவே பாத்துட்டு இருந்த. எனக்கு அப்படியே சொல்ல வாய் வரல.

அல்போன்சா: என்ன எழுதியிருந்தாரு?

ஹில்டா: அவர் அந்தத் தோணியில ஏறவே இல்லியாம். மத்தவங்க எல்லாரும் ஏறிட்டாவளாம். கொழும்புல வேற குடும்பம் ஆயிடுச்சாம்... செத்ததா நினைச்சுக்கிடச் சொல்லியிருந்தார். நானும் அப்படியே நினைச்சேன்மா. நிசமாவே செத்துப் போகட்டும்னுதான் இன்னைக்கு உன் கையப் பிடிச்சு இழுத்தேன். உன்ன விட்டுட்டுப் போனாருன்னு இந்தத் தெரு பேசுறத நான் பாக்க மாட்டேன்...

பிலோமினா: யக்கா! ஹில்டா! ஜீப்பு வந்துட்டு! முப்பத்தஞ்சுல ஏறிட்டாவ!

அல்போன்சா: வாரோம்ளா! ரெண்டு நிமிசம் அங்கனயே நிறுத்து!

ஹில்டா: யம்மா... நீ அழக் கூட இல்லியே. ஒரு சத்தம் கூட போடலியே.

அல்போன்சா: பேனாவ எடு. நாலாவது கட்டத்துல போடு.

ஹில்டா: நாலாவதா? ஊரே பேசும்மா!

அல்போன்சா: பேசட்டும். குடும்பத் தலைவி அல்போன்சான்னு எழுது. புருசன் பேரு வளன் ரோச். ஊரு கொழும்பு.

ஹில்டா: அப்பா பேர நீ சொல்லி நான் கேட்டதே இல்ல.

அல்போன்சா: இனி என்ன மரியாத? எழுது. பூசையில இருந்து அந்தப் பேர எடுக்கச் சொல்லிட்டு, பிலோமினா கால்ல நான் போய் விழுந்துக்கிடுதேன். அவ புருசன் ஏறிட்டாருன்னு தெரிஞ்சும், பன்னெண்டு வருசம் அவ கூட உக்காந்து காத்திருக்கிற மாதிரி இருந்திருக்கேன்.

ஹில்டா: தெரிஞ்சுமா? உனக்கு எப்படித் தெரியும்? உனக்கு ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாதே!

அல்போன்சா: எரிச்சிட்டேன்னு சொன்னியே அந்தக் கடுதாசி, அத உன் ஞானோபதேசப் புஸ்தகத்துக்குள்ளல்லா ஒளிச்சு வச்சிருந்த. அத எடுத்து மடியில முடிஞ்சிட்டுத்தான் அந்த வருசம் மணப்பாட்டுத் திருவிழாவுக்கு உன்னக் கூட்டிட்டுப் போனேன். நீ ராட்டினத்துல சுத்துறப்ப, ஊரு பேரு தெரியாத ஒரு பொம்பளகிட்ட குடுத்து வாசிக்கச் சொன்னேன். அவ வாசிச்சு முடிக்கவும், நீ மேல இருந்து எனக்குக் கைய ஆட்டுன. பதினோரு வயசுப் பிள்ள எனக்காக இவ்வளவு பெரிய பொய்யச் சொமக்குதேன்னு, வாய மூடிக்கிட்டுத் திரும்ப அந்தப் புஸ்தகத்துலயே வச்சேன். சரி, கைநாட்டு வச்சிட்டேன், அழாத... அவுக வாசலுக்கு வாரதுக்கு முன்னால இந்த ஃபாரத்த எனக்கு வாசிச்சுக் காட்டு. இந்த வாட்டியாவது எழுதியிருக்கிறத அப்படியே வாசி.